‘இரண்டாம் அடங்கல்’ அச்சேறிய கதை

1. ‘ள்’ தீர்ந்த நாள்

காலை பதினோரு மணிக்கு ‘ள்’ தீர்ந்துவிட்டது. மூன்றாம் பக்கம் பாதியில் நிற்கிறது, தட்டில் அந்த எழுத்துக்கான அறை காலி.

கம்ப்யூட்டரில் தட்டுகிற பிள்ளைகளுக்கு இது புரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். எங்கள் காலத்தில் எழுத்து என்பது ஈயத்தில் வார்த்தது. கேஸ் என்கிற மரத்தட்டில் அறை அறையாகக் கிடக்கும். கம்பாசிட்டர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஸ்டிக் என்கிற கைச்சட்டத்தில் அடுக்கி, வரியாக்கி, பக்கமாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். ஓர் எழுத்து தீர்ந்தால், அடித்து முடித்த பக்கத்தைப் பிரித்துப் போடும்வரை வேலை நிற்கும்.

பாபநாசம் ஸ்டேஷன் ரோட்டில் இருந்த அந்த அச்சகத்தில் நான் ஒருத்திதான் பெண். காலால் மிதித்து அச்சடிக்கிற டிரெடில் மிஷினை ஓட்டிய கோவிந்தராசு அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“என்ன வசந்தா, கையக் கட்டிக்கிட்டு நிக்கிற?”

“ள் இல்லண்ணே.”

“கல்யாணப் பத்திரிகை அடிச்சிருக்கோம், கட்சி நோட்டீஸ் அடிச்சிருக்கோம், கருமாதிக் கார்டு அடிச்சிருக்கோம். ஒரு நாளும் ள் தீர்ந்ததில்ல. அப்படி என்னத்தம்மா கோக்கிற?”

“கதைண்ணே. முழுக்கப் பொம்பளைங்க. வரிக்கு வரி வந்தாள், போனாள், சொன்னாள்.”

“வந்தார், போனார்னு போட்டு மரியாதையா முடிச்சிரேன்” என்றார். நான் முறைத்த முறைப்பில் அவரே சைக்கிளை எடுத்துக்கொண்டு கும்பகோணம் போய், தெரிந்த அச்சகத்தில் இரண்டு பொட்டலம் ள் இரவல் வாங்கி வந்தார். ஆண்களின் பெயரை அடிக்கவே செய்து வைத்த கேஸ் அது. அதில் பெண்களைப் பற்றி ஒரு தொடர்கதை கோக்க ஆரம்பித்ததும் முதல் வாரமே மூச்சு வாங்கியது.

2. ஆசிரியரும் அக்காவும்

அச்சக முதலாளியே பத்திரிகை ஆசிரியர். எழில்வாணன் என்று தானே வைத்துக்கொண்ட பெயர். வீட்டில் வைத்தது வைத்தியநாதன். அந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பமாட்டார். கழக ஆட்சி வந்த புதிது. மாதம் ஒரு இதழ், பகுத்தறிவு, தமிழ், கொஞ்சம் விஞ்ஞானம். மனிதன் நிலாவில் கால் வைத்ததிலிருந்து அவருக்கு நிலாப் பைத்தியம் வேறு.

ஒன்றைச் சொல்லாவிட்டால் என் கட்டை வேகாது. கூலித் தெருவில் பிறந்து, எட்டாவதோடு நின்ற என்னைக் கேஸ் முன்னால் நிறுத்தியவர் அவர்தான். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தபோது, “எழுத்தைத் தொட ஜாதி எதுக்குய்யா?” என்று ஒரே வார்த்தையில் முடித்தார். நல்ல மனிதர். ஆனால் தனக்குத் தெரிந்ததுதான் அறிவு என்று நினைக்கிற வியாதி அவருக்கு உண்டு. படித்த ஆண்களில் அந்த வியாதி இல்லாதவரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கதை எழுதியவர் அமிர்தவல்லி அக்கா, எங்கள் வட்டாரத்துக் கிராம சேவிகா. சைக்கிளில் ஊர் ஊராகப் போய், ஆபீசிலிருந்து வந்த புது விதையைப் போடுங்கள், இந்த உரம் போடுங்கள், இந்த மருந்து அடியுங்கள் என்று பெண்களிடம் சொல்வது உத்தியோகம். குள்ள நெல் வந்து விளைச்சல் ஏறியதும் உண்மை. மருந்து அடித்த வயலில் நண்டு போனது, குறவை மீன் போனது, வரப்புக் கீரையைப் பறித்தால் கை அரித்தது. அதுவும் உண்மை. விளைச்சல் மிராசுதார் வீட்டுக்குப் போனது, நண்டும் கீரையும் எங்கள் சட்டியிலிருந்து போயின.

“பழைய விதையத் தூக்கிப் போடுங்கன்னு நான்தான் வசந்தா வீடு வீடாச் சொன்னேன்” என்பார் அக்கா. “இந்த வாயால சொன்னேன்.” அந்த உறுத்தல்தான் அவரை எழுத வைத்தது. பகல் பூராவும் சர்க்கார் பேச்சைப் பேசிவிட்டு, கிடைத்த நேரத்தில் நோட்டில் கதை எழுதினார்.

‘இரண்டாம் அடங்கல்’ என்று பெயர், நூறு வருஷம் கழித்து நடக்கிற கதை. காவிரி குழாயில் பூட்டிக் கிடக்கிறது. ஊரெல்லாம் சேர்ந்து ஒரே மண்டலம், மண்டலத்துக்கு ஒரு அதிகாரி. வீட்டில் ஒரு பிடி விதை வைத்திருந்தாலும் தண்டனை. விதை ஆபீசில்தான் வாங்க வேண்டும், அது மறுபடி முளைக்காத விதை. எந்த வயலில் என்ன பயிர், எது தரிசு என்று கணக்குப்பிள்ளை அடங்கல் எழுதுவார் இல்லையா? மண்டலத்தில் இரண்டு அடங்கல். முதலாவது நிலத்துக்கு. இரண்டாவது பெண்களுக்கு. அதே எழுத்தர், அதே கட்டங்கள். பிள்ளை பெற்றவள் பெயருக்கு நேரே சாகுபடி. பெறாதவள் பெயருக்கு நேரே தரிசு. வருஷத்துக்கு ஒருமுறை ஜமாபந்தி வைத்து இரண்டையும் சரிபார்ப்பார்கள்.

அந்த அத்தியாயத்தைக் கோக்கும்போது என் கை நின்றுவிட்டது. எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. எங்கள் தெருவில் என்னை என்னவென்று சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். நூறு வருஷம் கழித்து நடக்கிற கதை என்று ஆசிரியர் தலைப்பில் போட்டிருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

3. வரப்பில் புரூஃப்

புரூஃப், அதாவது முதல் சோதனைத் தாளைத் திருத்துகிறவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். கண் தப்பவிடுவதைக் காது பிடித்துவிடும். வாரவிடுமுறை நாளில் புரூஃபைச் சுருட்டிக்கொண்டு நான் வயலுக்குப் போய்விடுவேன். என் அண்ணன் பெண்டாட்டி அஞ்சலை அங்கே பதினைந்து பெண்கள் சேர்ந்த நடவுக் கூட்டத்துக்குத் தலைவி. அவர்கள் சேற்றில் குனிந்து நடவோ களையோ பார்க்க, நான் வரப்பில் உட்கார்ந்து படிப்பேன். தப்பைப் பென்சிலால் குறிப்பேன். நாலு இதழில் அந்தப் பதினைந்து பேரும் கதைக்கு அடிமையாகிவிட்டார்கள். கதையின் நாயகி பொன்னியை அதிகாரி பிடித்துக்கொண்டு போன அத்தியாயத்தில் ஒருத்தி நாற்றுமுடியை வீசி எறிந்து அதிகாரியைத் திட்டினாள்.

மிராசுதாரின் காரியக்காரர் ஒருநாள் குடையோடு வந்தார். கூலி கேட்டுத் தெருவில் செங்கொடி ஏறியிருந்த வருஷம். வெளியூர் ஆளை இறக்கி நடுவோம் என்று மிராசுதார்கள் சொல்ல, இறக்கினால் வயலில் படுப்போம் என்று கூலிக்காரர்கள் சொன்ன காலம். யார் கையில் பேப்பரைப் பார்த்தாலும் மிராசுதார் ஆட்களுக்கு அது சங்கத்து நோட்டீஸ்தான்.

“என்ன அங்க, கூட்டம் போடுறீங்களா?” என்றார்.

“கதைங்க” என்றாள் அஞ்சலை அண்ணி, நிமிராமலே. “நட்டுக்கிட்டுத்தான் கேக்குறோம். காது உங்க கூலியில சேராது.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். போனாரே தவிர, அடுத்த முறை புளியமரத்தடியில் நின்று அவரும் கேட்டார்.

கடைசி அத்தியாயம் வந்தது. பொன்னி இடிந்த வீட்டைத் தோண்டுகிறாள். மண்ணுக்குள் ஒரு பானை. அதில் நாற்பது வருஷத்துக்கு முன் யாரோ புதைத்து வைத்த சம்பா விதை. தண்ணீர் தெளிக்கிறாள். மூன்றாம் நாள் முளை விடுகிறது. பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

பதினைந்து பேரும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

“நாப்பது வருஷமா?” என்றாள் அண்ணி. “ஏ நாத்தனாரே, விதைநெல்லு ஊறுகாயாடி? ரெண்டு வருஷம் தாண்டினா பாதி முளைக்காது. நாலு வருஷம் போனா கோழிக்குத்தான் போடணும். நாப்பது வருஷத்து நெல்லக் கோழிகூடத் தொடாது.”

எனக்குக் கோபம் வந்தது. “கதைதானே அண்ணி.”

“கதைன்னா? அந்த இரண்டாம் அடங்கலு நிஜம் மாதிரி இருந்துச்சு, அழுதோம். இது பொய்யி. பொய்யின்னு தெரிஞ்சப்புறம் பொன்னி எக்கேடு கெட்டா எனக்கென்ன?” என்று குனிந்துவிட்டாள்.

4. சேவிகா மறந்தது

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். முகம் செத்துப்போனது. எட்டு மாதமாக எழுதிய கதை கடைசிப் பக்கத்தில் கவிழ்ந்தால் யாருக்குத்தான் தாங்கும்? தலையில் அடித்துக்கொண்டார்.

“விதையைப் பத்திப் பேசறதுக்கே சம்பளம் வாங்கறவ நான். எனக்கு எப்படி மறந்துச்சு தெரியுமா? ஆபீஸ் விதை வருஷா வருஷம் புது மூட்டையில வந்து இறங்குது. விதை சாகும்ங்கறதையே மறந்துட்டேன்.”

இப்படியொரு தப்பை அந்த உத்தியோகத்தில் இருப்பவர்தான் செய்ய முடியும். அந்த மாதப் பத்திரிகையில் முடிவு வந்தாக வேண்டும், வாசகர்களுக்கு அறிவித்தாகிவிட்டது. அக்கா அன்றே என்னோடு வயலுக்கு வந்தார். சைக்கிளை வாய்க்கால் கரையில் சாய்த்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிச் சேற்றில் இறங்கினார். அதுவரை அவர் வரப்பில் நின்று பேசித்தான் பார்த்திருக்கிறோம்.

“அஞ்சல, தப்பு பண்ணிட்டேன்” என்றார். “நீயே சொல்லு. வீட்டுல வெதை வைக்கக் கூடாது, வயல்ல வெதைக்கக் கூடாது. நாப்பது வருஷம் ஒரு நெல்லு எப்படி உசுரோட இருக்கும்?”

“வருஷா வருஷம் வெளஞ்சாத்தான் இருக்கும் சேவிகாம்மா. ஒரு பிடியாவது.”

“எங்க வெளைய வைக்கிறது? அதிகாரி கண்ணு எல்லா எடத்துலயும் இருக்கே.”

நடவு நின்றுவிட்டது. ஆளுக்கொன்று சொன்னார்கள். கூரை மேல் என்றாள் ஒருத்தி, கோயில் மதிலுக்குப் பின்னால் என்றாள் இன்னொருத்தி. அண்ணிதான் மெதுவாகக் கேட்டாள்.

“அந்த மண்டலத்துல முளைப்பாரி போட விடுவாங்களா?”

எங்கள் ஊர்க் காளியம்மன் திருவிழாவுக்குப் பெண்கள் உடைந்த பானை ஓட்டில் எருவும் மண்ணும் இட்டு நவதானியம் தெளித்து, வெயில் படாத அறையில் ஒன்பது நாள் வளர்ப்பார்கள். ஆண்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது. கும்மியடித்து, தலையில் தூக்கிப் போய்க் குளத்தில் கரைத்துவிடுவார்கள். ஆண்களுக்கு அது பொம்பளை விளையாட்டு.

“அதான் விடுவாங்க” என்றாள் அண்ணி. “பொட்டச்சிங்க கும்மியடிக்கிறாளுங்க, போயிட்டுப் போவுதுன்னு விட்டுருவாங்க. ஒம்போது நாளு உள்ள வளத்துடலாம். கரைக்கிறப்ப எல்லாத்தையும் கரைக்காம, ஒரு பிடியக் குளத்துக்குப் பின்கரையில கோரைக்கு நடுவுல நட்டுடணும். மஞ்சளாத்தான் இருக்கும், நாலு நாளு வெயிலு பட்டா பச்சை கட்டிக்கும். கதிரு வந்ததும் மடியில உருவிக்கிட்டு வந்துடணும். அடுத்த வருஷ முளைப்பாரிக்கு அதுதான் வெதை.”

அக்கா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு சொன்னார்.

மூன்று நாளில் புது அத்தியாயம் வந்தது. பொன்னி எதையும் கண்டுபிடிப்பதில்லை. தன் மாமியார், சித்தி, எதிர்வீட்டுக்காரி எல்லாரும் நாற்பது வருஷமாக அதிகாரியின் கண்ணெதிரே தலையில் சுமந்து போனதுதான் விதை என்று அவளுக்குத் தெரியவருகிறது. அந்த வருஷம் முளைப்பாரி குளத்துக்குப் போகவில்லை. எல்லா ஊர்ப் பெண்களும் ஒரே நாளில் தரிசில் இறங்கி நடுகிறார்கள். அடங்கலைத் தூக்கிக்கொண்டு வந்த எழுத்தருக்கு எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. அக்காவும் நானும் அதை ஆசிரியரிடம் கொண்டுபோனோம்.

5. நிலாவிலிருந்து வந்த இன்ஜினீயர்

ஆசிரியர் படித்தார். காகிதத்தை மேஜையில் வைத்தார்.

“முளைப்பாரியா? நம்ம பத்திரிகையிலயா? சாமி கும்பிடறதை நான் அச்சுல ஏத்தமாட்டேன்மா. இத்தனை நாள் அறிவா எழுதிட்டு, கடைசியில காளியம்மன் காலில விழுந்துட்டீங்களே” என்றார் அக்காவிடம்.

“யாரும் விழலீங்க ஐயா. நடறாங்க” என்றார் அக்கா.

அவர் கேட்கவில்லை. அன்று மத்தியானமே தானே ஒரு முடிவு எழுதி என்னிடம் கொடுத்தார். நிலாவில் உள்ள ஆய்வுக்கூடத்திலிருந்து இன்ஜினீயர் அறிவழகன் ராக்கெட்டில் இறங்குகிறான். கையில் புது விதை. மண்டலத்தைக் கவிழ்க்கிறான், பொன்னியைக் கல்யாணம் செய்துகொள்கிறான். கீழே அமிர்தவல்லி என்று அக்கா பெயர்.

அக்கா வெளியே போய்ச் சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் கதையைத் தன் பெயரிலேயே இன்னொருவர் முடித்து வைக்கிறார் என்றால், அதற்கு அக்கா எழுதாமலே இருந்திருக்கலாம். எனக்கு ரத்தம் கொதித்தது. ஸ்டிக்கைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் போனால் வேறு யாராவது கோத்துவிடுவார்கள். அதனால் நிலா இன்ஜினீயரை ஒரு எழுத்துப் பிசகாமல் கோத்தேன். புரூஃபையும் எடுத்தேன்.

“ஐயா, இந்தத் தொடர் முழுக்க நான் வரப்புலதான் புரூஃப் படிச்சேன். இதையும் அங்கதான் படிக்கணும். நீங்க எழுதினது, நீங்களே வந்து படிங்க” என்றேன்.

கோவிந்தராசு அண்ணன் மிஷினுக்குப் பின்னால் இருமினார். ஆசிரியருக்கு மேடை என்றால் உயிர். “மக்கள் மன்றம்தானே? வர்றேன்” என்று கிளம்பிவிட்டார்.

கரைவேட்டி சேற்றில் படாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வரப்பில் நின்று, மேடைக் குரலில் படித்தார். நன்றாகவே படித்தார். ராக்கெட் இறங்கும்போது ஒன்றிரண்டு பேர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்கள். படித்து முடித்துக் கைதட்டலுக்குக் காத்திருந்தார்.

“ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா?” என்றாள் அண்ணி.

“தாராளமா கேளும்மா.”

“அந்த இன்சினீரு கொண்டாந்த வெதைய யாருக்குக் குடுப்பாரு?”

“மக்களுக்குத்தான்.”

“எங்க வச்சுக் குடுப்பாரு?”

“அதுக்கு ஒரு அலுவலகம் அமைப்பாரு.”

“அப்ப நாங்க மறுபடி ஆபீசு வாசல்லதான் நிக்கணும்” என்றாள். “பழைய அதிகாரி போயி புது அதிகாரி. அவ்வளவுதானே? இதுக்குப் பொன்னி எதுக்கு அத்தனை அடி வாங்கினா?”

ஆசிரியர் புரூஃபைப் புரட்டிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த ஒருத்தி, “அவரு கொண்டாந்தது முளைக்குமான்னு யாரு பாத்தா?” என்று சேர்த்துக்கொண்டாள்.

“விஞ்ஞானி பரிசோதனை செஞ்சிருப்பாரும்மா” என்றார்.

“நாங்களும் அதத்தானே செய்யறோம். சாமி ஒரு பக்கம் இருக்கட்டுங்க. முளைப்பாரி போடறதே இந்த வருஷ வெதை முளைக்குமா முளைக்காதான்னு பாக்கத்தான். ஓட்டுல நல்லா வந்தா வயல்ல வெதைப்போம். நோஞ்சானா வந்தா வேற வீட்டுல வாங்கிப்போம். எங்க கையில இருக்குற பரிசோதனைய மூடநம்பிக்கைன்னு சொல்லிட்டு, நிலாவுல போயி தேடறீங்களே.”

ஆசிரியர் வேட்டியைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டார். கரை சேற்றில் விழுந்தது, அவர் கவனிக்கவில்லை. புரூஃபை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வருகிற வழியில் சொன்னார்: “பகுத்தறிவுன்னா கேள்வி கேக்கறதுன்னு இருபது வருஷமா மேடையில பேசறேன் வசந்தா. இன்னிக்கு என்னைக் கேட்டாங்க. அமிர்தவல்லியம்மா எழுதினதையே கோத்துடு.”

6. அடித்தோம்

என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் கோத்ததில்லை. நிலா இன்ஜினீயரைப் பிரித்துப் போட்டு, அவர் வயிற்றிலிருந்தே ள் எடுத்தேன். கோவிந்தராசு அண்ணன் டிரெடிலை மிதிக்க, முதல் தாள் மைவாசனையோடு வந்தது. அக்கா வாங்கிப் படித்தார். ஒரு வரி மாறவில்லை. ஆசிரியர் மட்டும் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்புச் சேர்த்திருந்தார்: இக்கதையில் வருவது வழிபாடு அன்று, வேளாண்மை. விட்டுவிட்டோம். மனிதருக்கு ஏதாவது ஒன்று வேண்டும் அல்லவா.

அதற்கு முன் எங்கள் பத்திரிகையை யாரும் இரண்டாம் முறை அடித்ததில்லை. அந்த இதழை மூன்று முறை அடித்தோம். பழைய விதையைத் தூக்கிப் பிடித்துவிட்டோம் என்று பூச்சிமருந்துக் கடைக்காரர் பின்னட்டை விளம்பரத்தை நிறுத்திக்கொண்டார். அந்த இடத்தில் வாசகர் கடிதம் போட்டோம், நிரம்பி வழிந்தது. அண்ணியின் கூட்டத்தில் பதினைந்து பேரும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். ஒருத்திக்கும் எழுத்து தெரியாது. “எங்க வாய்ல வந்தது எப்படி இருக்குன்னு பாக்கணும்” என்றாள் அண்ணி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.

அந்த வருஷத் திருவிழாவில் பின்கரைக் கோரையில் ஒரு பிடி நாற்று இருந்தது. யார் நட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. பழைய சிவப்பு நெல், எவள் வீட்டிலோ தூக்கிப் போடாமல் வைத்திருந்தது. கிராம சேவிகா சர்க்கார் சைக்கிளில் வந்து, இறங்கி, அதற்குக் களை பறித்துவிட்டுப் போனார்.

அடுத்த சம்பாவுக்கு அண்ணியின் கூட்டம் நன்னிலம் பக்கம் நடவுக்குப் போனது. திரும்பி வந்தவள் வாசலிலேயே கத்தினாள்.

“திருடிட்டாளுங்க நாத்தனாரே. அங்க நடவுல ஒருத்தி பொன்னி கதையச் சொல்றா. நாப்பது வருஷம் முளைப்பாரியில வெதைய ஒளிச்சு வச்சது அவ ஊர்லயாம், நிஜமாவே நடந்துச்சாம். இல்லடி, அது நாங்க சொன்னதுன்னா நம்பமாட்டேங்கிறா. எங்க ஊருக் கொளத்துல வந்து பாரு, கோரைக்குள்ள இன்னும் நிக்குதுங்கிறா.”

“நின்னுச்சா அண்ணி?” என்று கேட்டேன்.

“போயிப் பாத்தேனே” என்றாள். “நிக்குது. எங்களுதவிட நல்லா நிக்குது.”

ஓட்டமாகப் போய் அக்காவிடம் சொன்னேன். எழுதியவர் பெயரும் இல்லை, அச்சடித்தவர் பெயரும் இல்லை, கதை மட்டும் போய் ஒரு ஊர்க் குளத்தில் பயிராக நிற்கிறது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார். அதைவிடப் பெரிய விருதை நான் எந்த எழுத்தாளருக்கும் கண்டதில்லை.

எழுத வருகிற பிள்ளைகளே, நூறு வருஷம் கழித்து என்ன நடக்கும் என்று எழுதுங்கள், நிலாவுக்குப் போங்கள், எங்கே வேண்டுமானாலும் போங்கள். ஆனால் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால், அந்த வேலையை இன்றைக்குக் கையால் செய்கிறவர்களிடம் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். சிரித்தால் கோபப்படாதீர்கள். கேள்வி கேட்டால் சேற்றில் இறங்கிக் கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் கதையின் முடிவு அவர்களிடம் இருக்கலாம்.